இளகிப் பிடித்தல்

சேலம், நாமக்கல் பக்கம் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மலையேறக் கிளம்பும் பைக்குகளைப் பார்த்தால், சொந்தக்காரரின் சம்பளம் எந்தப் பாகத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று எளிதில் சொல்லிவிடலாம். சைலன்ஸரில். ஹேண்டில்பாரில். பின்சக்கரத்தில், கம்பெனி கொடுத்ததைவிட இரண்டு அளவு அகலமாக மாட்டிய டயரில். ஷாக் அப்சார்பரின் கீழ்முனையில் படிப்படியாக வெட்டிய வளையம் ஒன்று இருக்கும். அதைத் திருகுவதற்கென்றே கொக்கி முனை கொண்ட ஸ்பேனரையும் பல கம்பெனிகள் டூல் கிட்டில் போட்டுக் கொடுக்கின்றன. பெரும்பாலான வண்டிகளில் அந்த வளையம் ஷோரூமில் நின்ற படியிலேயே, சேறு காய்ந்து இறுகிக் கிடக்கும். காலணா செலவில்லாமல் வண்டியின் சுபாவத்தை மாற்றக்கூடிய திருகு அது. சத்தம் போடாது, வெளியே தெரியாது. அதனால் யாரும் சீந்துவதில்லை.

வளைவு பற்றி நம்மிடம் ஊறிப்போன நம்பிக்கை ஒன்று உண்டு. எல்லாம் இறுக்கமாக இருந்தால் வண்டி உறுதியாக நிற்கும் என்பது. ஷாக்கை டைட் வை, காற்றைக் கூடுதலாக அடி, ஃபோர்க்கைக் கெட்டியாக்கு. மெக்கானிக் கடையில் “சும்மா கெட்டியா இருக்குதுங்க” என்றால் அது பாராட்டு. நேர் ரோட்டில் இந்த நம்பிக்கை எப்படியோ பிழைத்துக்கொள்கிறது. கொண்டை ஊசி வளைவில் பிழைப்பதில்லை. மோட்டார்சைக்கிள் வளைவில் தேறியதெல்லாம் அது இளகக் கற்றுக்கொண்ட கட்டங்களில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1948ஆம் ஆண்டைப் பாருங்கள். இங்கிலாந்தில் கோல்மோர் கோப்பை டிரையல் போட்டிக்கு, பின்பக்கம் ஸ்விங் ஆர்மும் ஷாக் அப்சார்பரும் பொருத்திய புல்லட் முன்மாதிரிகளை ராயல் என்ஃபீல்டு இறக்கியது. சேறும் பாறையுமான பாதைகளில் நடக்கும் அந்தப் போட்டிகளில், பின்சக்கரம் சட்டகத்தோடு அசையாமல் பிணைந்திருப்பதுதான் அன்றைய வழக்கம். ஆடுகிற சக்கரம் எப்படித் தரையைப் பிடிக்கும் என்பது அனுபவசாலிகளின் கேள்வி. அதே ஆண்டு இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் கோப்பையை வென்ற பிரிட்டிஷ் அணியில் இரண்டு புல்லட்டுகள் இருந்தன. ஓட்டிய இருவருக்கும் தங்கப் பதக்கம். சக்கரம் மேடு பள்ளத்தோடு ஏறி இறங்கினால்தான் ரப்பர் தரையை விட்டு விலகாமல் இருக்கும் என்பது அதற்குப் பிறகு வாதத்துக்கு உரிய விஷயமாக இல்லாமல் போயிற்று. 1973இல் இதே கதை இன்னொரு முறை நடந்தது. பெல்ஜியத்துப் பொறியாளர் லூசியன் டில்கன்ஸ் உருவாக்கிய ஒற்றை ஷாக் அமைப்பை யமஹா வாங்கிக்கொண்டது. சக்கரம் முன்பைவிட நெடுந்தூரம் ஏறி இறங்க இடம் கிடைத்தது. ஹோகன் ஆண்டர்சன் அந்த ஆண்டே 250 சிசி மோட்டோகிராஸ் உலகப் பட்டத்தை எடுத்தார். இன்று ‘மோனோஷாக்’ என்று நாம் பெருமையாகச் சொல்வதன் மூதாதை அது.

அந்தப் புல்லட், இங்கிலாந்தின் ரெட்டிச்சிலிருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா வழியாகத் திருவொற்றியூருக்கு வந்து சேர்ந்தது. அதே திருவொற்றியூரில், 1946இல், ஒரு கொட்டகையில் கே.எம். மாமன் மாப்பிள்ளை விளையாட்டு பலூன் செய்யத் தொடங்கியிருந்தார். பலூனிலிருந்து ரீட்ரெட் ரப்பர், அதிலிருந்து டயர் என்று வளர்ந்ததுதான் எம்.ஆர்.எஃப். நம் நாட்டு இருசக்கர வண்டியின் ஸ்பிரிங்கும் ரப்பரும் ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்ததை யாராவது ஒழுங்காக எழுத வேண்டும். அது வேறு கட்டுரை.

வளையத்துக்கு வருவோம். அதைத் திருகினால் ஸ்பிரிங் கெட்டியாகிறது என்று மெக்கானிக்குகள் உட்படப் பலரும் நினைக்கிறார்கள். ஆகாது. ஸ்பிரிங்கின் கெட்டித்தனம் கம்பியின் தடிமனிலும் சுருளின் விட்டத்திலும் சுற்றுகளின் எண்ணிக்கையிலும் இருக்கிறது. வளையம் இவற்றில் எதையும் தொடுவதில்லை. குறிப்பிட்ட எடை மேலே ஏறினால் ஸ்பிரிங் குறிப்பிட்ட நீளத்துக்குக் குறுகும். வளையத்தை நீங்கள் எந்தப் படியில் வைத்தாலும் அந்த நீளம் மாறாது. மாறுவது ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும் பீடத்தின் இடம். பீடம் ஏறினால் அதே எடைக்கு வண்டியின் பின்பக்கம் சற்று உயர்ந்து நிற்கும். வளையம் தருவது உயரத்தை மட்டும்தான்.

உயரம் என்ன செய்யும்? முன்ஃபோர்க் சாய்ந்திருக்கும் கோணத்தை மாற்றும். ஹேண்டில்பார் திரும்பும் அச்சைக் கற்பனையில் கீழே நீட்டினால் அது ஓரிடத்தில் தரையைத் தொடும். முன்டயர் அதற்குச் சற்றுப் பின்னால் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்துக்கு டிரெயில் என்று பெயர். அது கூடினால் வண்டி நேர்கோட்டில் நிதானமாகப் போகும், திரும்பச் சொன்னால் அடம்பிடிக்கும். குறைந்தால் சொன்னவுடன் திரும்பும், வேகத்தில் கொஞ்சம் பதறும். என்ஃபீல்டு இன்டர்செப்டர் போல இரண்டு சக்கரங்களுக்கும் இடையே சுமார் 1400 மி.மீ. உள்ள வண்டியில் பின்பக்கத்தை 10 மி.மீ. உயர்த்தினால் ஃபோர்க் 0.4 டிகிரி நிமிர்கிறது; டிரெயில் இரண்டரை மி.மீ. அளவுக்குக் குறைகிறது. கேட்க அற்பமாகத்தான் இருக்கும். ஆனால் வளைவுக்குள் நுழையும்போது ஹேண்டில்பாரைத் தள்ள வேண்டியிருந்த இடத்தில் லேசாக அழுத்தினால் போதும் என்றாகிவிடுவது இந்த இரண்டரை மி.மீட்டரால்தான்.

இதையே தலைகீழாக யோசியுங்கள். நம் ஊரில் பைக் என்பது இருவர் ஏறும் வாகனம். பல வீடுகளில் நால்வர் ஏறும் வாகனம். பின்னால் ஒருவர் ஏறி, அவர் மடியில் ஒரு பையும் ஏறினால் பின்பக்கம் இரண்டு மூன்று செ.மீ. அமிழ்ந்துவிடும். ஃபோர்க் மல்லாந்து சாய்கிறது, டிரெயில் கூடுகிறது, முன்சக்கரத்தின் மேல் இருந்த பாரம் பின்னுக்குப் போகிறது. வளைவில் வண்டி உள்ளே வராமல் எதிர்ப்பக்கத்துக்கு விலகிக்கொண்டே போகும். ஓட்டுகிறவர் என்ன சொல்வார் தெரியுமா? “பின்னாடி சரியா உக்காரு, ஆடாதே.” கணவன்மார்கள் மலைப்பாதையில் மனைவிமார்களைத் திட்டிய திட்டுகளில் பாதியாவது அந்த வளையத்துக்குப் போய்ச் சேர வேண்டியவை. இருவர் ஏறும்போது இரண்டு படி ஏற்றிவைக்க ஐந்து நிமிடம் போதும்.

எவ்வளவு ஏற்றுவது என்பதற்கு மெக்கானிக்கின் கைராசி தேவையில்லை, ஒரு டேப் போதும். மெயின் ஸ்டாண்டு போட்டுப் பின்சக்கரம் அந்தரத்தில் நிற்கும்போது சக்கரத்தின் அச்சிலிருந்து சீட்டுக்குக் கீழே ஒரு குறி வரை அளக்க வேண்டும். பிறகு, வழக்கமாகப் போகும் உடையோடு, ஹெல்மெட்டும் பையுமாக, இருவர் என்றால் இருவருமாக ஏறி உட்கார்ந்து, மூன்றாம் ஆள் ஒருவரைக் கொண்டு மறுபடி அளக்க வேண்டும். ஷாக் மொத்தம் போய்வரக்கூடிய தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமிழ்ந்திருந்தால் சரி. இன்டர்செப்டரின் பின் ஷாக்குக்கு அந்தத் தூரம் 88 மி.மீ.; அப்படியானால் முப்பதை ஒட்டி இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒரு பங்கு எதற்கு என்று கேட்பார்கள். மேட்டுக்கு மேலே போக இடம் வேண்டும். பள்ளத்துக்குக் கீழே இறங்கவும் இடம் வேண்டும். இறுக்கித் தூக்கி வைத்த வண்டியில் கீழே இறங்க இடமில்லை. சாய்ந்திருக்கும்போது ஒரு பள்ளம் வந்தால் டயர் நொடிப்பொழுது காற்றில் நிற்கும்.

கொல்லிமலைக்குக் காரவள்ளி வழியாக ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. ஏற்காட்டுக்குச் சேலத்திலிருந்து 20. இவற்றில் எதிலும் வேகம் பெரிதாகப் போக முடியாது, ஆனால் சாய்வு பெரிதாக வந்துவிடும். 15 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போனால் சுமார் 25 டிகிரி சாய வேண்டும். 40 கி.மீ. வேகத்தில் அது 40 டிகிரி. பத்து கி.மீ. கூடியதற்குப் பதினைந்து டிகிரி விலை. இந்தக் கணக்கில் வண்டியின் எடைக்கு இடமில்லை. புல்லட்டும் மொபெட்டும் ஒரே வேகத்தில் ஒரே வளைவில் ஏறக்குறைய ஒரே அளவுதான் சாயும். ஆனால் சாய்ந்த வண்டி, ஸ்பிரிங்கின் மீதும் டயரின் மீதும் நேராக நின்றதைவிடக் கூடுதலாக அழுந்தும். 40 டிகிரியில் முப்பது சதவீதம் கூடுதல். ஆகவே வளைவின் நடுவில் உங்கள் வண்டி, நீங்கள் வீட்டு வாசலில் டேப் வைத்து அளந்த வண்டியைவிடத் தாழ்ந்தது.

ஒரு வளைவைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் முன்ஃபோர்க்கின் வேலை இன்னும் நன்றாகப் புரியும். இறக்கத்தில் வருகிறீர்கள், வளைவுக்கு முன் பிரேக் பிடிக்கிறீர்கள். ஃபோர்க் அமிழ்கிறது, கோணம் நிமிர்கிறது, வண்டி தானாகவே திரும்பத் தயாராகிறது. இது வடிவமைப்பாளர் உங்களுக்குக் கொடுத்த சலுகை. இப்போது பிரேக்கைச் சட்டென்று விட்டால் ஃபோர்க் எழும்புகிறது, சலுகை பறிபோகிறது, நுழையும் நேரத்தில் வண்டி வெளியே விலகுகிறது. மெல்ல விட்டுக்கொண்டே சாய்ந்தால் ஃபோர்க்கும் மெல்ல எழும். ஆனால் எவ்வளவு பதமாக விட்டாலும், எழும்பும் வேகத்தைக் கட்டுப்படுத்த உள்ளே ஆயில் உயிரோடு இருக்க வேண்டும்.

அது உயிரோடு இருப்பது அபூர்வம். எஞ்சின் ஆயிலை நாள் தவறாமல் மாற்றுகிறவர்கள்கூட ஃபோர்க் ஆயிலை நினைப்பதில்லை. சீல் கிழிந்து குழாயில் வழிந்தால்தான் நினைப்பு வரும். ஒருமுறை நாமக்கல்லில் ஒரு பட்டறையில் பழைய ஃபோர்க்கைப் பிரித்துக் கவிழ்த்ததை நின்று பார்த்தேன். தேன் நிறத்தில் இருந்திருக்க வேண்டியது சாம்பல் நிறத்தில், தண்ணீராக ஓடிவந்தது. அடியில் உலோகத் தூள் மினுங்கியது. அழுகிய மீன் வாடை. “வருசம் எத்தனையாச்சுங்க இதைப் பிரிச்சு?” என்று மெக்கானிக் கேட்டார். வண்டிக்காரர் பதில் சொல்லாமல் மூக்கைப் பொத்திக்கொண்டார். வண்டி திரும்ப மாட்டேன் என்கிறது, டயரை மாற்றலாமா என்று கேட்டு வந்தவர் அவர். புது ஆயில் ஊற்றி, அளவுக் கம்பி விட்டுப் பார்த்து மூடினார்கள். ஆயிலின் மட்டமும் முக்கியம். அதற்கு மேலே அடைபட்டிருக்கும் காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். மட்டம் உயர்ந்தால் காற்றுக்கு இடம் சுருங்கி, ஃபோர்க் கடைசிப் பகுதியில் விறைத்துக்கொள்ளும்.

பின் ஷாக்கில் இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. சீட்டைப் பலமாக அழுத்தி விடுங்கள். ஒரு முறை எழுந்து அமர்ந்தால் நல்லது. இரண்டு மூன்று முறை துள்ளினால் உள்ளே ஆயிலோ வாயுவோ போய்விட்டது. வளையத்தை எந்தப் படிக்குத் திருகியும் பயனில்லை. இதற்கு எதிர்க்கோளாறும் உண்டு. விலை கூடிய வண்டிகளில், எழும்பும் வேகத்தைக் குறைக்கும் திருகை ஆர்வத்தில் இறுக்கிவிடுவார்கள். அடுத்தடுத்து மேடுகள் வரும்போது ஷாக் ஒன்றிலிருந்து எழுவதற்குள் இன்னொன்று வந்துவிடும்; ஒவ்வொரு மேட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்ந்து, கடைசியில் இயங்க இடமே இல்லாமல் வண்டி கட்டையாகிவிடும். வண்டி அமிழ்வதைக் கண்டு, ஷாக் மென்மையாக இருக்கிறது என்று நினைத்து இன்னும் இறுக்குவார்கள்.

இறுக்கத்தின் மீதான இந்த மோகம் பெரிய இடங்களையும் விட்டுவைக்கவில்லை. டுகாட்டி தன் மோட்டோஜிபி பந்தய வண்டிக்கு கார்பன் ஃபைபர் சட்டகம் செய்தது. எடை குறைவு, விறைப்பு அதிகம். 2011இல் வாலண்டினோ ரோஸி அதில் ஏறினார். ஒன்பது உலகப் பட்டங்களோடு வந்தவர் முன்சக்கரம் என்ன செய்கிறது என்றே தெரியவில்லை என்று முறையிட்டார். அந்த ஆண்டு ஒரு பந்தயத்திலும் வெல்லவில்லை. 2012இல் டுகாட்டி அலுமினியச் சட்டகத்துக்கு மாறியது. அதிலும் ரோஸி வெல்லவில்லை என்பது உண்மைதான். நோய் ஒன்றே ஒன்றாக இருந்திருக்காது. ஆனால் அடிப்படையில் விஷயம் இது: அந்த வண்டிகள் 60 டிகிரிக்கும் மேல் சாய்கின்றன. அவ்வளவு சாய்ந்த பிறகு ரோட்டின் மேடு ஃபோர்க்கைக் கீழிருந்து தாக்குவதில்லை, ஏறக்குறைய பக்கவாட்டில் தாக்குகிறது. ஃபோர்க் பக்கவாட்டில் இயங்காது. சட்டகம் கொஞ்சம் வளைந்து கொடுத்தால்தான் டயர் தரையில் இருக்கும். எவ்வளவு வளைய விடுவது என்பதை இன்றைய பந்தயப் பொறியாளர்கள் கணக்குப்போட்டு வைக்கிறார்கள்.

இவ்வளவும் கடைசியில் வந்து சேருமிடம் டயர். ஒரு சக்கரத்தின் மேல் 100 கிலோ இருந்து, காற்று 32 பிஎஸ்ஐ என்றால், தரையைத் தொடும் பரப்பு சுமார் 45 சதுர செ.மீ. ஏடிஎம் அட்டையின் அளவு. வளைவில் உங்களைப் பிடித்து வைத்திருப்பது இரண்டு அட்டைகள். ரப்பர் எப்படிப் பிடிக்கிறது? தாரில் துருத்தி நிற்கும் ஜல்லியின் ஒவ்வொரு முனைக்கும் அது இளகி, முனையைச் சுற்றி அமிழ்ந்து, விட்டு விலகும்போது தயங்குகிறது. அந்தத் தயக்கத்தில்தான் பிடிமானத்தின் பெரும்பங்கு இருக்கிறது. சூடும் அதிலிருந்துதான் பிறக்கிறது. இளகாத ரப்பர் ஜல்லி முனைகளின் மேலேயே வழுக்கிப் போகும்.

டயரின் குறுக்குவெட்டு வட்டமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. சாய்ந்த டயரின் நடுப்பகுதிக்கும் ஓரத்துக்கும் சுற்றளவு வேறு. அதனாலேயே அது சாய்ந்த பக்கமாகத் தானே உருள முயலும். சென்னையிலிருந்து திருச்சிக்கும் மதுரைக்கும் நான்குவழிச் சாலையில் ஓடிய பின்டயர் நடுவில் தேய்ந்து தட்டையாகிவிடும். அதோடு மலைக்கு வந்தால், சாயத் தொடங்கும்போது ஒரு தயக்கம், தட்டையின் விளிம்பைத் தாண்டியதும் திடீரென்று ஒரு விழுகை. நேர் ரோட்டில் இந்த டயருக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. அகல டயரின் கதை இன்னும் மோசம். குறுகிய ரிம்மில் அகல டயரை மாட்டினால் அதன் ஓரங்கள் உள்ளே இழுபட்டு வடிவம் கெடும். வண்டியைச் சாய்க்கவும் கூடுதலாகத் தள்ள வேண்டும். பின்னால் நிற்பவர்கள் பார்க்க அழகாக இருக்கும் என்பது உண்மை. வண்டி ஓட்டுகிறவர் பின்னால் நிற்பதில்லை.

காற்றுக்கு வருகிறேன். “மலைக்குப் போறீங்களா, ரெண்டு பாயிண்ட் குறைச்சுக்கங்க” என்று பெட்ரோல் பங்கில் அறிவுரை கிடைக்கும். உயரம் போகப்போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் டயர் விம்மிவிடும் என்பது காரணம். பாதி உண்மை. மேட்டுப்பாளையத்தில் 35 டிகிரி வெயிலில் 32 வைத்துக்கொண்டு புறப்பட்டு, ஊட்டியின் 15 டிகிரியில் டயரை நன்றாக ஆறவிட்டு அளந்தால் என்ன காட்டும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். 2,240 மீட்டர் உயரம், மானியை ஏறக்குறைய 3 பிஎஸ்ஐ கூட்டிக் காட்டச் சொல்கிறது. இருபது டிகிரி குளிர், ஏறக்குறைய அதே 3 பிஎஸ்ஐயைக் குறைத்துவிடுகிறது. முள் புறப்பட்ட இடத்திலேயே நிற்கும். நம் மலைகள் தாமே சரிசெய்துகொள்கின்றன. பங்கில் குறைத்துக்கொண்டு போகிறவர்தான் ஊட்டியில் காற்றுக் குறைவான டயரோடு, சுவர் நெளிய, வளைவுகளில் தள்ளாடுகிறார். மைலேஜ் ஆசையில் நாற்பது அடித்துக்கொண்டு போகிறவருக்கோ அந்த ஏடிஎம் அட்டையிலும் ஒரு பகுதி போய்விடுகிறது.

இரண்டு பாயிண்டில் என்ன வந்துவிடப்போகிறது என்பவர்களுக்கு 2025 மார்ச்சில் தாய்லாந்தின் புரிராமில் நடந்த மோட்டோஜிபி பந்தயத்தைச் சொல்லலாம். முன்டயரில் குறைந்தது 1.80 பார், அதாவது சுமார் 26 பிஎஸ்ஐ, பந்தயத்தின் பெரும்பகுதி நேரம் இருந்தாக வேண்டும் என்பது விதி. முன்னணியில் தனியாகப் போய்க்கொண்டிருந்த மார்க் மார்கெஸின் டயர், எதிர்க்காற்றில் குளிர்ந்து அந்த அளவைத் தொட மறுத்தது. அவர் வேகத்தைக் குறைத்துத் தன் தம்பி அலெக்ஸை முன்னே விட்டார். தம்பியின் வண்டி கக்கிய சூடான காற்றில் பின்னாலேயே போய் டயரைச் சூடாக்கி, அழுத்தத்தை ஏற்றிக்கொண்டு, மூன்று சுற்று மிச்சமிருக்கும்போது முந்திச்சென்று வென்றார்.

நமக்கு அவ்வளவு வித்தை வேண்டாம். ஒரு காற்று மானி வாங்கி வைத்துக்கொண்டு, காலையில் வண்டியை எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து, கம்பெனி சொன்ன அளவை வையுங்கள். ஒருவருக்கு ஒன்று, இருவருக்கு ஒன்று என்று செயின் கவரிலோ கையேட்டிலோ எழுதியிருக்கும். எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே வளைவில் ஓட்டிப் பாருங்கள். அப்படியே டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண்ணைத் தேடிப் படியுங்கள். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. ரப்பர் ஓடாமல் நின்றாலும் வெயிலிலும் காற்றிலும் கெட்டிப்படும். நகத்தால் அழுத்தினால் தெரியும். ஐந்தாறு வருடம் தாண்டிவிட்டதென்றால், பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும், அந்த டயரோடு மலையேறாதீர்கள்.